ஆடுபுலிக் கல்

அந்தப் பூங்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு கண்டியில் பாதிச் சனம் வான் வண்டி பிடித்துக்கொண்டு ஏறுகிற மலை அது. அவ்வளவு போதும். ஒவ்வொரு சித்திரையிலும் அலுவலகத்தில் யாராவது ஒருத்தி வந்து, "இந்த முறை நீங்களும் வாங்களேன்" என்பாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அவளுக்கு என்ன தெரியும், பாவம். கோபம் அவள் மேல் இல்லை.

ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். வீதித் தடைகளையெல்லாம் எடுத்திருந்தார்கள். வருடக்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் அந்தச் சித்திரையில் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பயணத்தை ஏற்பாடு செய்தவள் நான்தான். எனக்கு எதையும் நான்தான் நடத்த வேண்டும், அப்படி ஒரு குணம். வானில் ஓர் இடம் மிஞ்சியது. மாமாவைக் கூப்பிட்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனத்தில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்டன. என் அப்பா இங்கே பதிவான பிரஜை. அதனால் எனக்கு அடையாள அட்டை, வேலை எல்லாம் தடையில்லாமல் கிடைத்தன. மாமாவின் பெயர் இந்தியப் பக்கம் விழுந்தது. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்து, கப்பலுக்கு நாளும் குறித்தாயிற்று. அந்த மாதம்தான் அப்பா செத்துப்போனார். எனக்கு அப்போது ஆறு வயது. கட்டிய பெட்டியை மாமா அவிழ்த்தார். "அடுத்த கப்பல்ல போய்க்கிறேன்" என்றாராம். பிறகு கலவரம் வந்தது, கப்பல் நின்றது. மாமா கல்யாணமும் கட்டவில்லை. என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான்.

காலாவதியான அந்த பாஸ்போர்ட்டுதான் அவரிடம் இருந்த ஒரே படம் போட்ட கடதாசி. யுத்த காலத்தில் அதையும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும், கிராம சேவகர் கொடுத்த கடிதத்தையும், தோட்டத்துத் துரை எழுதிக்கொடுத்த நற்சான்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டேதான் கடைக்குக்கூடப் போவார். சீருடை போட்டவன் கையை நீட்டினால் போதும். அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடுவார். எடுக்கத் தாமதித்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

எங்கே கூப்பிட்டாலும் "எனக்கென்னாத்துக்கு புள்ள" என்று மழுப்புகிறவர், அந்த மலையின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்கயா? அங்க படிக்கட்டு போட்டதே நாங்கதான் புள்ள!"

அன்றுதான் அந்தக் கதையைக் கேள்விப்பட்டேன். இளந்தாரி வயதில், தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில், கொந்தராத்துக்காரன் ஒருவன் ஆள் சேர்த்துக்கொண்டு போனானாம். மூன்று மாதம் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கி, கல் உடைத்துப் படி போட்டார்களாம். காலையில் பனி கலையும்வரை வேலை ஓடாது. அந்த நேரத்தில் விளையாட ஓர் அகலக் கல்லில் ஆடுபுலிக் கட்டம் வெட்டினார்களாம்.

"அந்தக் கல்லையும் படியாப் போட்டாச்சு. மரப் பாலத்தத் தாண்டி எறங்குற எடத்துல இருக்கு. அதுல ஒருக்கா ஒக்காந்து வெத்தல போடணும் புள்ள. கூட இருந்தவங்க ஒருத்தனும் இல்ல இப்ப. எல்லாம் கப்பலேறிட்டாங்க."

வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பூங்கா வாசலுக்கு ஒன்றரை மைல் இருக்கும்போதே வாகனங்கள் முட்டி நின்றன. பஸ், வான், லொறியில்கூடச் சனம். றபான் மேளம் தட்டிப் பாட்டு. ஊர்ந்து ஊர்ந்து வாசலுக்குப் போனபோது எல்லாரையும் இறக்கினார்கள். உள்ளே பொலித்தீன் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். காவலர்கள் பைகளைத் திறந்து, பிஸ்கட் பெட்டிகளின் உறையைக் கிழித்து, கடதாசிப் பையில் கொட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ச் சனத்திடம் அட்டை கேட்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. தலையை எண்ணி டிக்கெட் கிழித்தார்கள்.

எங்கள் முறை வந்தது. மாமாவின் சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் எட்டிப் பார்ப்பதைக் கண்ட காவலன் கையை நீட்டினான். அவனுக்கு வேண்டியது அந்தப் பை மட்டும்தான். வெறும் பை!

மாமா விறைத்து நின்றார். பிறகு பையைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலாக பாஸ்போர்ட்டை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

காவலன் வாங்கிப் புரட்டினான். "இவர் இந்தியரா?" என்று சிங்களத்தில் கேட்டான். என் பக்கத்து மேசைக்காரி, குண்டசாலையிலிருந்து வருகிற சிங்களப் பிள்ளை, பாய்ந்து வந்தாள். "இல்லை அண்ணா, இவர் கண்டிக்காரர், எங்கள் ஆள்" என்றாள். "அப்படியானால் இது என்ன?" என்றான் அவன். கெட்டவன் இல்லை. அவனும் குழம்பித்தான் போனான். உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் வெளிநாட்டு டிக்கெட்தான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வெளிநாட்டு டிக்கெட் எங்களுடையதைப் போலப் பல மடங்கு.

"பரவாயில்லை, எல்லாரும் சேர்ந்து எடுப்போம்" என்றாள் அந்தப் பக்கத்து மேசைக்காரி. நான் கைப்பையைத் திறந்தேன்.

"வேணாம் புள்ள" என்றார் மாமா. "அந்த டிக்கெட்ட எடுத்தா, நான் வெளியாளுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. எடுக்க மாட்டேன்."

பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். வரிசையில் யாரோ ஏசுகிறார்கள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"யாரு மாமா ஒங்ககிட்ட அதைக் கேட்டா? பையைத்தானே கேட்டான்? எல்லாத்தையும் எடுத்துக் கடை பரப்பணுமா? ஒங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு எடத்துக்கு வர முடியுதா?"

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இப்போது எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. எனக்காகக் கப்பலை விட்ட மனுசனிடம் சொன்ன சொல் அது.

மாமா கடதாசிகளை மடித்து, பையில்லாமல் அப்படியே சட்டைக்குள் வைத்தார். பையைக் காவலனிடம் கொடுத்தார். பிறகு சாதாரணமாகவே சொன்னார்: "நீ போயிட்டு வா. நான் வான்ல இருக்கேன். அந்தக் கல்லு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

நான் நின்றிருக்கலாம். அவரோடு வானில் உட்கார்ந்திருக்கலாம். ஏற்பாடு செய்தவள் நான், நான் இல்லாவிட்டால் பயணமே குட்டிச்சுவராகிவிடும் என்று நினைத்தேன். பெரிய ஆள்தான் நான்! டிரைவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே நடந்தது நடையே இல்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு இடிபடுகிற மாதிரி ஒரு நெரிசல். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. மரப் பாலம் வந்தது. அதைத் தாண்டிப் படிக்கட்டு இறங்கியது. முப்பது, நாற்பது படிகள் இருக்கும், எல்லாம் சேறு. நான் குனிந்து பார்க்கப் போனேன். பின்னால் வந்த ஒரு கூட்டம், "போங்க அக்கா, போங்க" என்று தள்ளியது. இரண்டு படி தடுமாறி இறங்கினேன். சரி, திரும்பி வரும்போது ஆறுதலாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மறந்தே போனேன். அதுதான் உண்மை. மலை விளிம்புக்குப் போனோம். பனி விலகிக் கீழே தேயிலை மலைகள் தெரிந்தபோது எல்லாரும் கத்தினோம், நானும் கத்தினேன். கடதாசிப் பையில் இருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றோம், படம் பிடித்தோம், ஒருத்தி சேற்றில் வழுக்கி விழுந்ததற்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். பாதை வளைந்து வேறு வழியாகவே வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது. அந்தப் படிக்கட்டை மறுபடி மிதிக்கவே இல்லை. வாகனங்கள் நிற்கிற திடலில் எங்கள் வானைக் கண்டபோதுதான் அந்தக் கல் ஞாபகத்துக்கு வந்தது.

டிரைவர் அக்குறணைக்காரர், முஸ்லிம். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். "ஐயா ஒண்டும் தின்னல்ல தங்கச்சி. சோத்துப் பார்சலக் குடுத்தேன், வேணாண்டுட்டாரு. பிளேன்டீ மட்டும் குடிச்சாரு. நீங்க வாற பாதையத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றார்.

மாமா வானின் முன் இருக்கையில் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு இருந்தார். உதடு குளிரில் வெளுத்திருந்தது. நாலு மணித்தியாலம்!

"பாத்தியா புள்ள?"

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் அவ்வளவு நீண்ட வாய்.

"பாத்தேன் மாமா."

"இருக்கா?"

"அப்படியே இருக்கு. கோடெல்லாம் நல்லாத் தெரியுது. அதுல கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுதான் வந்தேன்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே இறங்கும் வழியில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பிரேக் சூடாகிவிட்டது என்று டிரைவர் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். மாமாவும் நானும் மட்டும் இறங்கி நின்றோம். அவர் வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார்.

"கட்டம் வெட்டுனத கங்காணி கண்டுட்டாரு" என்றார், கதை சொல்கிற மாதிரி. "தொர பாத்தா எல்லாருக்கும் வேல போயிரும்னு ஏசுனாரு. அதுனால வெட்டுன பக்கத்தக் கவுத்துப் போட்டுத்தான் படி கட்டுனோம். மேல ஒண்ணும் தெரியாது. ஒரு மூலையில சின்னதா மூளி இருக்கும். அத வச்சு எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும்."

"மாமா..." என்றேன்.

"பாக்க முடியலன்னு சொல்லியிருந்தா நான் என்னா சொல்லப் போறேன் புள்ள? நீ பாத்திருந்தாலும் அது தெரிஞ்சிருக்காது." வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். "அந்தக் கேட்டுக்காரப் பையன் கடதாசியில உள்ளதப் பாத்துச் சொன்னான். அவன் பொய் சொல்லல."

அவ்வளவுதான். டிரைவர் கூப்பிட்டார், ஏறிக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், பயணம் நல்லா இருந்துச்சு என்று மாமாவே சொன்னார். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

பிறகு சட்டம் மாறியது. இங்கேயே நின்றுவிட்டவர்களுக்கும் பிரஜாவுரிமை என்றார்கள். படிவங்களை நானே நிரப்பினேன், கந்தோர் கந்தோராக நானே அலைந்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? அடையாள அட்டை வந்த அன்று மாமா அதைச் சட்டைப் பையில் வைத்து, தொட்டுப் பார்த்து, மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"மாமா, சித்திரைக்கு அந்த மலைக்குப் போவோமா? இப்ப ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க" என்றேன்.

அதன் பிறகு மாமா நாலு வருடம் இருந்தார். கால் நன்றாகத்தான் இருந்தது, கடைசி வருடம்கூடக் கட்டுகலைப் பிள்ளையார் கோவிலுக்கு நடந்தே போனார். நாலு சித்திரைக்கும் நான் கூப்பிட்டேன். நாலு தடவையும் ஒரே பதில்தான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

"எதுக்குப் புள்ள? அதான் நீ பாத்துட்டு வந்துட்டியே."