நெற்றியில் ஓரமாக ஒரு சுழி

சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு என் மகளைச் சேர்த்துவிட்டதே, அவள் கையிலிருந்து போனைப் பிடுங்க ஒரு சாக்குத் தேடித்தான். அடுத்த தெருவில் ஒரு மாடியில் வகுப்பு. அந்த மாதம் முகமூடி செய்யச் சொல்லியிருந்தார் ஆசிரியை. ஏதாவது ஒரு விலங்கின் முகம். அதன் நிறமும் கோடும் புள்ளியும் தெரிய வேண்டும். கூடவே, செய்கிறவரின் முகத்திலிருந்தும் ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் புலி, மயில், வரிக்குதிரை என்று பிரித்துக்கொள்ள, இவள் மட்டும் மாடு என்றாள்.

"புலி பண்ணலாமில்ல கண்ணு?" என்றேன்.

"அப்பிச்சி ஊட்டு மாடும்மா," என்றாள். பேச்சு முடிந்தது.

அப்பிச்சி என்றால் என் அப்பா. காரமடைக்குப் பக்கத்தில் தோட்டம். அக்கம்பக்கத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பார்ப்பார், கொம்பைப் பார்ப்பார், எல்லாவற்றுக்கும் முன்னால் சுழியைப் பார்ப்பார். மாட்டின் உடம்பில் மயிர் வட்டமாகச் சுழித்து நிற்குமே, அதுதான் சுழி. இன்ன இடத்தில் இருந்தால் வீடு விளங்கும், இன்ன இடத்தில் இருந்தால் ஆகாது என்று அவருக்கு ஒரு கணக்கு. ஆகாத சுழி என்றால், எவ்வளவு லட்சணமான மாடாக இருந்தாலும் சந்தையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்.

மாட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், என் மகளுக்குத் தலை பின்னிவிட்ட உறவுக்காரம்மா ஒருத்தி அவள் முன்முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடியாத்தி, நெத்தியில சுழி! போற ஊட்டுக்கு ஆகாதே அம்மணி," என்று சொல்லிச் சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சீப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். கல்யாணப் பெண்ணின் அம்மா எங்கள் பங்காளி வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை அதை மனதில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் தானே கத்தரிக்கோலை எடுத்து முன்முடியை வெட்டி நெற்றி மேல் விட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாருவது தினமும் ஒரு சண்டை. நெற்றியை என்னிடம்கூடக் காட்ட மாட்டாள்.

முகமூடி நன்றாகவே வந்தது. பலூனை ஊதி, அதன் மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் தோய்த்து ஒட்டி, காய்ந்ததும் பாதியாக வெட்டினாள். அட்டையைச் சுருட்டிக் கொம்பு. வெள்ளையில் கொஞ்சம் கருப்பைக் கலந்து, எங்கள் பக்கத்தில் மயிலை என்பார்களே, அந்தச் சாம்பல் நிறம். கண்ணைச் சுற்றி மை தீட்டினது போலக் கருப்பு. நெற்றியில், ஒரு பக்கமாக ஒதுங்கி, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு சுழி. அழகுக்குப் போட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார், ஒரு பை நிறைய அவரைக்காயோடு. முகமூடி பால்கனியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஆபீஸ் போய்விட்டேன், மகள் பள்ளிக்கூடம். சாயங்காலம் நான் திரும்பியபோது கதவைத் திறந்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மாடு அம்சமா இருக்குதுங்க அம்மணி. சுழி மட்டும் ஆகாத எடத்துல இருந்துச்சு. காயிதமா இருந்தாலும் அதைய ஊட்டுல வெக்கலாமா? அழிச்சுப்போட்டு நடு நெத்தியில வெச்சுட்டேன்."

நல்லது செய்த சந்தோஷத்தோடு நிற்கிறவரை என்னவென்று திட்டுவது? ஓரத்துச் சுழி இருந்த இடம் சாம்பல் பூசி மூடப்பட்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கே சுருக்கென்றது. செய்கிறவரின் முகத்திலிருந்து ஒன்று.

அதற்குள் மகள் வந்துவிட்டாள். முகமூடியைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தால், நேராக அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் முன்முடியை மேலே தூக்கினாள்.

"எனக்கும் அங்கதானுங்க அப்பிச்சி இருக்குது. நானும் ஊட்டுக்கு ஆகாதுங்களா?"

அப்பா குனிந்து பார்த்தார். ஊர் மாட்டின் நெற்றியையெல்லாம் தடவிப் பார்த்தவர், பேத்தி நெற்றியை அன்றுதான் பார்க்கிறார். எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இப்படி வெளிச்சத்துக்கு வாங்க கண்ணு," என்று பால்கனிப் பக்கம் உட்கார வைத்து, கட்டை விரலால் அவள் சுழியை மெதுவாக ஒரு சுற்று தடவினார். பிறகு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினார். நடு நெற்றிச் சுழியைச் சாம்பல் பூசி மூடினார். ஓரத்தில், அவள் நெற்றியைப் பார்ப்பதும் முகமூடியில் இழுப்பதுமாக, ஒவ்வொரு மயிராக வரைந்தார்.

"நீங்க கண்ணாடியைப் பாத்து வரைஞ்சீங்களாட்ட இருக்குது. பக்கம் மாறிப்போயிருந்துச்சு," என்றார். ஈரம் காய்ந்ததும் முகமூடியை அவள் முகத்தில் வைத்துப் பார்த்தார். அவள் சுழிக்கு நேர் மேலே அந்தச் சுழி வந்து நின்றது.

முகமூடிக்குள்ளிருந்து அவள் கேட்டாள். "இந்த மாட்டைய சந்தையில பாத்தா வாங்குவீங்களா?"

"கண்ணை மூடிட்டு ஓட்டிட்டு வந்துருவேனுங்க."

"அப்ப முன்னாடி வேண்டாம்னு உட்டுட்டு வந்த மாடெல்லாம்?"

அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார். சுத்தமான பிறகும் அலசினார்.

"அதுகளும் பாவந்தானுங்க கண்ணு," என்றார்.

மறுநாள் வகுப்புக்குக் கிளம்பும்போது மகள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் தரவில்லை. அவரிடம் கொடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தலை வாரத் தெரியாத மனுஷன், மாட்டைத் தடவிவிடுகிற பழக்கத்தில் நெற்றியிலிருந்து பின்னால் பார்த்து வாரிவிட்டார். நெற்றி முழுசாகத் தெரிந்தது. அவள் அதை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.