சோம்பேறி அனுப்பிய இரண்டு செய்திகள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் வாயாடி. தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. விரல் தந்தி தட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து நாற்காலிக்காரியிடம் தன் மாமியார் அன்று காலையில் செய்த அலம்பலை ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிடுவாள். தந்தியில் ஓர் எழுத்துகூடப் பிசகியிருக்காது. "எனக்கு வாய் ஒரு டிபார்ட்மெண்ட், கை ஒரு டிபார்ட்மெண்ட்" என்பாள். கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். அதை அவளே மறுக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளைத்தான், சண்டை மூண்டு ஒரு வருஷம் ஆனபோது, வாயே திறக்கக் கூடாத ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

நேர்காணல் நடத்திய ராணுவ அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இங்க கேக்கறது எதையும் வெளிய சொல்லக் கூடாது. வீட்டுக்காரர்கிட்டகூட. உங்களை எல்லாரும் வாயாடின்னு சொல்றாங்களே, முடியுமா?"

"எதைப் பேசணும்னு எனக்குத் தெரியும் சார். அதனால எதைப் பேசக் கூடாதுன்னும் தெரியும். பேசவே தெரியாதவங்களுக்குத்தான் அது குழப்பம்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வேலை நடந்த இடம் மூடிப்போன ஒரு சோப்புக் கம்பெனி. மாடியில் நீள அறை. சுவரோரம் வரிசையாக ரேடியோப் பெட்டிகள். ஒவ்வொன்றின் முன்னும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பெண். எதிரி நாட்டு ராணுவம் தனக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகள் புள்ளியும் கோடுமாகக் காற்றில் வரும். அவற்றை எழுத்தாக்கித் தாளில் எழுத வேண்டும். எழுதுவது என்னவென்று எழுதுகிறவளுக்கே தெரியாது. எல்லாம் சங்கேதம், தலையும் இல்லை வாலும் இல்லை. தாள் நிறைந்ததும் கீழ்த்தளத்துக்குப் போகும். அங்கேதான் சங்கேதத்தை உடைக்கிற கூட்டம் உட்கார்ந்திருந்தது. அதன் தலைவர் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். எல்லாருக்கும் அவர் கணக்கு வாத்தியார்.

வீட்டில் மாமியாரிடம் அரசாங்கக் கிடங்கில் டைப் அடிக்கும் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். மாமியார் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

"டைப் அடிக்கிறவ மேல எதுக்குடி சோப்பு வாசனை வருது? ஆபீஸ்ல போய்க் குளிக்கிறியா?"

"பக்கத்துல சோப்பு மூட்டை அடுக்கியிருக்காங்க அத்தை."

"அப்ப ரெண்டு கட்டி கொண்டு வர்றதுக்கென்ன? உலகமே சோப்புக்கு அலையுது."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வாயாடி வாயாடாமல் நழுவியது மாமியாரின் சந்தேகத்தை இன்னும் கிளறியது.

கணவர் வீட்டில் இருப்பது அபூர்வம். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். கப்பல் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவருக்கே சொல்ல மாட்டார்கள். "போனா வருவேன், வந்தா போவேன்" என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொள்வார். அவர் போன பிறகு மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

தந்தி தட்டுவதும் கையெழுத்து மாதிரிதான். ஒவ்வொருவர் விரலுக்கும் ஒரு நடை உண்டு. அவளுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் எதிரியின் தலைமை நிலையம் பேசும். அதில் முறைவைத்துத் தட்டுகிறவர்களை அவள் விரல் நடையை வைத்தே பிரித்துவிட்டாள். ஒருவன் அவசரக் குடுக்கை. ஒருவன் இழுத்துப் பிடித்து அளந்து தட்டும் கறார் பேர்வழி. இன்னொருவன் சோம்பேறி. கோடுகளை அவன் இழுப்பான், புள்ளிகளை விழுங்குவான், செய்தி தொடங்குமுன் கொட்டாவி விடுவதுபோல் ஓர் இடைவெளி விடுவான். பேர், அடையாளம், அலைவரிசை எதை மாற்றினாலும் அந்த இழுப்பை அவனால் மாற்ற முடியாது. "இவன் பொண்டாட்டி பாவம்" என்று அவள் சொல்ல, பக்கத்துப் பெண்கள் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பல மாதம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. எதிரியின் சங்கேதத்தை வாத்தியார் கூட்டம் உடைத்து வைத்திருந்தது. திடீரென்று ஒருநாள் எதிரி சங்கேதத்தையே மாற்றிவிட்டான். கீழ்த்தளத்தில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. தாள் தாளாகப் போகிறது, ஒன்றையும் படிக்க முடியவில்லை. வாத்தியார் தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப்போய் நடமாடினார். இதற்கிடையில் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் கிளம்பிவிட்டன. அவள் கணவரும் அவற்றில் ஒன்றில் போயிருந்தார்.

அப்படி ஒரு நாள் காலை முறைக்கு வந்தவன் சோம்பேறி. புதுச் சங்கேதத்தில் நீளமான ஒரு செய்தியைத் தட்டினான். எதிர்முனையில் ஏதோ ஒரு கடலோர நிலையம். அது திருப்பிச் சொன்னது ஒரே ஒரு சின்னக் குறி. அந்தக் குறி சங்கேதமில்லை, உலகத்துத் தந்திக்காரர்களுக்கெல்லாம் பொதுவானது. 'புரியவில்லை, மறுபடி அனுப்பு.'

சோம்பேறி மறுபடி முழுவதையும் தட்டினான். மறுபடியும் அதே பதில். புரியவில்லை.

பிறகு அந்த அலைவரிசையில் சத்தம் நின்றுபோனது.

வாயாடிக்கு மூக்கில் வியர்த்தது. எதிர்முனைக்காரனுக்குப் புதுச் சங்கேதம் இன்னும் போய்ச் சேரவில்லை. பழையதுதான் கையில் இருக்கிறது. வேறு யாராவது இருந்திருந்தால் மேலிடத்தைக் கேட்டு, உத்தரவு வாங்கி, நாள் கடத்தியிருப்பான். இவன் அப்படியா? சீக்கிரம் கையைக் கழுவினால் போதும் என்று நினைக்கிற ஆள். அதே செய்தியைப் பழைய சங்கேதத்தில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவான். ஆனால் இந்த அலைவரிசையில் அனுப்ப மாட்டான், இங்கே அவனுடைய மேலதிகாரிக்கும் காது உண்டு.

அவள் ரேடியோவின் திருகில் கை வைத்தாள். பின்னாலிருந்து சூப்பர்வைசர் அம்மாவின் குரல் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருக்கிறவர்.

"கைய எடு. கொடுத்த அலைவரிசைய விட்டு நகர்ந்தா வேலை போயிடும்னு சொல்லியிருக்கேன்ல?"

"மேடம், இவன் வேற எங்கயோ போய் இதே செய்திய பழைய மாதிரி அனுப்பப் போறான். இப்ப விட்டா போச்சு."

"எப்படிச் சொல்றே?"

"இத்தனை மாசமா இவன் கூடத்தானே மேடம் குடும்பம் நடத்தறேன். என் வீட்டுக்காரரைவிட இவனை நல்லாத் தெரியும்."

"இந்த நேரத்துல இங்க முக்கியமா ஏதாவது வந்து நாம தவறவிட்டா? யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். எழுதிக் குடுக்கணுமா? குடுக்கறேன். ஆனா தேடிட்டு வந்து குடுக்கறேன்."

சூப்பர்வைசர் அம்மா யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மூலையில் சும்மா கிடந்த இன்னொரு பெட்டியைக் காட்டி, "அங்க போய்த் தேடு. இதை நான் பாத்துக்கறேன்" என்று அவளுடைய நாற்காலியில் தானே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பழைய தந்திக்காரிதான் அவரும்.

வாயாடி திருகைத் திருப்பினாள். இரைச்சல், யாரோ பாட்டு, மறுபடி இரைச்சல், அவசரக் குடுக்கை எவனோ ஒருவன், ஒரு விசில். பல்லைக் கடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். அப்போது, எங்கேயோ ஓர் ஓரத்தில், இரைச்சலுக்கு அடியில், ஒரு கொட்டாவி இடைவெளி. அதன் பின்னால் அந்த இழுப்பு.

அழைப்புப் பெயர் வேறு. ஆள் அவனேதான்.

அவள் எழுதினாள். பென்சில் முனை ஒடிந்தது. பல்லால் கடித்து மரத்தைப் பிய்த்து மேலே எழுதினாள். செய்தி முடிந்ததும் எதிர்முனை இந்தத் தடவை சொன்னது வேறு குறி: 'கிடைத்தது, நன்றி.'

தாள்களைப் பிடுங்கிக்கொண்டு அவளே படியிறங்கி ஓடினாள். வாத்தியார் மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார்.

"சார், எழுந்திரிங்க. ஒரே செய்தி. இது புதுச் சங்கேதம். இது பழசு."

வாத்தியார் நிமிர்ந்தார். "ஒரே செய்திதான்னு என்ன நிச்சயம்?"

"ஒரே ஆள் அனுப்பினான். நீளம் கிட்டத்தட்ட ஒண்ணு. புதுசுல ரெண்டு தடவை அனுப்பினப்ப புரியலைன்னாங்க, இதை அனுப்பினதும் நன்றின்னாங்க. வேற என்னவா இருக்கும்?"

வாத்தியார் பழைய சங்கேதத்தில் இருந்ததைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். கரைக்குக் கொண்டுபோக வேண்டிய எரிபொருள் பீப்பாய்கள், காற்றின் வேகம், ஒரு படகின் ரிப்பேர். சப்பென்ற செய்திதான். ஆனால் படிக்கப் படிக்க வாத்தியாரின் முகம் விடிந்துகொண்டே வந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பூட்டும் அதற்கான சாவியும் ஒரே மேஜையில் கிடந்தன.

"வாயாடி, நீ மகராசிம்மா!"

"அது எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு உடைக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"இது கைக்கு வந்தப்புறமும் எனக்கு உடைக்க முடியலைன்னா, நான் கணக்குச் சொல்லிக்கொடுத்ததுக்கே அர்த்தமில்லை."

சொன்னபடியே செய்தார். அந்த வாரம் முடிவதற்குள் கீழ்த்தளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சங்கேதம் உடைந்துவிட்டது என்பது மட்டும் மாடிக்குத் தெரிந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது தெரியாது, கேட்கவும் கூடாது. சூப்பர்வைசர் அம்மா அவளிடம், "அடுத்த தடவை பென்சிலைக் கடிக்காதே, அரசாங்கச் சொத்து" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

கணவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மதியம் வந்து நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. மாமியார் அழுது, திட்டி, மறுபடி அழுது, சாப்பாடு போட்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும் கணவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நேர் வழியில வந்திருந்தா எப்பவோ வந்திருப்பேன். நடுக்கடல்ல திடீர்னு உத்தரவு. ஜலசந்தி வழியாப் போகாதே, சுத்திப் போ. எஞ்சின் ஏற்கெனவே இருமிக்கிட்டு இருக்கு, இதுல சுத்து வேற! எவனோ ஒரு முட்டாள் ஆபீஸ்ல உக்காந்து மேப்பைத் தலைகீழாப் பாத்திருக்கான்."

"என் புள்ளைய அலைக்கழிச்சவன் உருப்படுவானா?" என்று மாமியார் சபித்தார்.

"அதுலயும் வேடிக்கை என்னன்னா, கரைக்கு வந்தப்புறம்தான் கேள்விப்பட்டேன், நம்ம விமானம் ஒண்ணு அந்தப் பக்கம் பறந்துச்சாம். ஜலசந்தி வாயில எதிரியோட நீர்மூழ்கிங்க வரிசையா நின்னுச்சாம். தற்செயலாப் பாத்தாங்களாம். அதிர்ஷ்டம்தான், வேறென்ன?"

வாயாடியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. விமானம் தற்செயலாகப் பறக்கவில்லை என்று அவளுக்குச் சட்டென்று புரிந்தது. செய்தியைப் படித்தோம் என்று எதிரிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, கண்ணால் பார்த்ததுபோல் ஒரு விமானத்தை அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். மேப்பைத் தலைகீழாகப் பார்த்த அந்த முட்டாள் மாடியிலும் கீழ்த்தளத்திலுமாகப் பல பேர். அதில் ஒருத்தி எதிரே நின்று பரிமாறிக்கொண்டிருந்தாள்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'அந்த முட்டாள் நான்தான், சாப்பிடுங்க' என்று சொன்னால் எவ்வளவு சுகமாக இருக்கும்! தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் சமையலறைக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க. ஆறிடப்போகுது."

மறுநாள் கீழ்த்தளத்தில் வாத்தியார் எதிரில் போய் நின்றாள். வாத்தியார் நிமிராமலே, "நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. நீயும் கேக்கக் கூடாது" என்றார்.

"நான் கேக்கலையே. டீ வேணுமான்னு கேக்க வந்தேன். என் வீட்டுக்காரர் ஊர் திரும்பிட்டார், அந்தச் சந்தோஷத்துல."

வாத்தியார் இப்போது நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணும். சர்க்கரை தாராளமாப் போடு."

சண்டை முடிந்ததும் தாள்களையெல்லாம் பழைய சோப்பு அடுப்பில் போட்டு எரித்தார்கள். அவள் தந்தி ஆபீசுக்குத் திரும்பி, தலைமைத் தந்திக்காரர் பதவிக்கு மனுப் போட்டாள். அதுவரை அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. சண்டைக் காலத்தில் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். "டைப் அடிச்சேன்" என்றாள். டைப் அடித்தவளுக்கு இந்தப் பதவியா என்று ஒருவர் இழுத்தார். "பரீட்சை வைங்க" என்றாள். வைத்தார்கள். அதன் பிறகு ஓய்வுபெறும் வரை அந்த நாற்காலி அவளுடையது.

தலை நரைத்த பிறகு, அந்த ரகசிய வேலையைப் பற்றி இனிப் பேசலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. செய்தியை ரேடியோவில் கேட்டதும் அவள் அணைத்துவிட்டு, வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்த கணவரின் எதிரே உட்கார்ந்தாள். சோப்புக் கம்பெனியில் தொடங்கி ஜலசந்திவரை, அத்தனை வருஷம் அடைத்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். முதலில் கேட்டது இதைத்தான்.

"அப்ப மத்த கப்பலெல்லாம்? எங்க கூட வேலை பாத்தவங்க எத்தனை பேர் திரும்பி வரலை..."

"காதுல விழுந்ததையெல்லாம் எழுதினோம்" என்றாள். "விழாததும் இருந்துச்சு. அதை நினைச்சு நானும் தூங்காம இருந்திருக்கேன். ஆனா விழுந்தது எதையும் நான் விட்டதில்லைங்க."

அவர் தலையாட்டினார். கடிகாரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அந்தச் சோம்பேறி எப்படித் தட்டுவான்? காட்டு" என்றார்.

அவள் மேஜைமேல் விரலால் தட்டிக் காட்டினாள். இழுத்த கோடுகள், விழுங்கிய புள்ளிகள். கணவர் கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சினுக்குக் காது கொடுப்பதுபோல் குனிந்து கேட்டார்.

"வால்வு சரியா உக்காரலை" என்றார். "எஞ்சின்ல இந்தச் சத்தம் வந்தா உடனே பிரிச்சுச் சரிபண்ணச் சொல்வேன்."

"நல்லவேளை, அவன் பக்கத்துல உங்களை மாதிரி ஃபிட்டர் யாரும் இல்லை" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டு, "இன்னொரு தடவை தட்டு" என்று காதை மேஜையோடு வைத்துக்கொண்டார்.