எங்க போற என்று கேட்டவள்

வெளியே கிளம்புகிறவர்களைப் பார்த்து "எங்க போற?" என்று கேட்பது எங்கள் வீட்டில் பெருங்குற்றம். அப்படி யாராவது கேட்டுவிட்டால், கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எட்டு வயதில், ஒரே காலையில், இந்தச் சட்டத்தை நான் மூன்று முறை பயன்படுத்தினேன்.

அக்கா இயற்பியல் படிக்கச் சென்னைக்குக் கிளம்பிய நாள் அது. மதுரைக் கோச்சடையிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு தூரம் படிக்கப் போனதில்லை. முந்தின நாள் அவள் சுடிதார் பேண்டுக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தாள். அங்கே போய் அப்படி என்னதான் படிக்கப்போகிறாய் என்று நச்சரித்தேன். எலாஸ்டிக்கில் பேனாவால் நாலு புள்ளி வைத்து இழுத்துக் காட்டினாள்.

"பாத்தியா? ஒரு புள்ளியும் நடக்கல. நடுவுல இருக்கிற இடந்தான் பெருசாகுது. பிரபஞ்சமும் இப்படித்தான் விரிஞ்சுக்கிட்டே இருக்கு."

"நிக்கவே நிக்காதா?"

"நிக்காது."

அவள் தீபாவளிக்குத் திரும்புவதற்குள் மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே எவ்வளவு இடம் பெருகியிருக்கும்? ரயில் வந்து சேருமா? அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, அப்பா பெட்டிகளோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். அக்கா படி இறங்கியதும், "அக்கா, எங்க போற?" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். இரண்டாம் முறை கேட்டபோது என் முதுகில் ஒன்று விழுந்தது. மூன்றாம் முறை ஆட்டோக்காரரே, "யக்கா, ரயிலு போயிரும்" என்று அம்மாவிடம் கத்தினார். நான் அழுதுகொண்டே என் பயத்தைச் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு என் மூக்கைத் துடைத்தாள். "கிட்டக்கிட்ட இருக்கிறதெல்லாம் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிரும்டி. மதுரை இங்கனயேதான் இருக்கும். ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கிறதுதான் விலகும். போயிட்டு வாரேன்."

சொன்னபடி தீபாவளிக்கு வந்தாள். பொங்கலுக்கும் வந்தாள். பிறகு கடல் தாண்டிப் போனாள். இப்போது வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். வீடியோ காலில் "சாப்ட்டியா?" என்பதைத் தாண்டி எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடுவதில்லை. போனை வைத்த பிறகு எனக்கு அவளை அவ்வளவு தேடும்.

பிரபஞ்சத்துக்கு நடு என்று ஒன்று கிடையாது, எங்கிருந்து பார்த்தாலும் மற்றவைதான் விலகுவதாகத் தெரியும் என்று பின்னாளில் நானும் படித்தேன். அன்று ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் எங்களை விட்டுப் போகிறாள் என்றுதான் நான் அழுதேன். அவள் கண்ணுக்கு அம்மாவும் வீடும் நானும்தான் விலகிப் போய்க்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.