படத்துக்காகக் காத்திருந்த பள்ளம்

கல்யாண ஆர்டர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலையேறிவிடுவேன். கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். மாப்பிள்ளையையும் பெண்ணையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லி எனக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்தது. கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ். அணையைத் தாண்டினால் மேலே ஒரு சிற்றூர் வரை ஒற்றையடிப் பாதை.

அந்தப் பாதையை மழை அரித்துக்கொண்டே வந்தது. ஒரே பாறைமேல் நின்று ஒவ்வொரு மழைக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்தேன். முதல் படத்தில் கணுக்கால் ஆழமிருந்த தடம், பிறகு சில இடங்களில் முழங்காலுக்கு வந்தது. படங்களை அதிகாரிகளிடம் காட்டி எப்படியாவது கற்படி போட வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. நல்ல வெறிதான். ஆனால் பள்ளம் ஆழமாக ஆழமாகப் படம் நன்றாக வருகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் உண்மை.

மேலே இருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் கடப்பாரையோடு வந்து, பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதிப்பார்கள். தண்ணீர் பாதையோடு ஓடாமல் பக்கத்துக் காட்டுக்குள் திரும்பிவிடும். பள்ளங்களையும் மண் போட்டு மூடுவார்கள்.

அந்த வருஷம் அவர்கள் கல் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன்.

"கொஞ்ச நாள் பொறுங்க. ஆபீசர் பார்க்க வரேன்னு சொல்லியிருக்காரு. நீங்க சரி பண்ணி வெச்சா, நல்லாத்தானே இருக்குதுன்னு போயிடுவாரு."

ஒருவர் வானத்தைப் பார்த்தார். "மழ வந்துகினு இருக்குதுங்களே சார்."

"பார்த்துக்கலாம்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவர்களும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அதிகாரிக்கு முன்னால் மழை வந்துவிட்டது. மழை விட்ட காலையில் நான் பாறைமேல் நின்றிருந்தபோது, நான்கு பேர் தூளி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சாமை மூட்டையோடு பள்ளத்தில் விழுந்து அவளுக்குக் கால் முறிந்திருந்தது. முன்னால் தூக்கிவந்தவர் அவள் கணவர். என்னைக் கண்டதும் நின்றார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எடுங்க சார். இத்தக் காட்டுங்க, அப்பவாச்சும் வருவாங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எடுத்தேன். போகஸ் சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். இன்றுவரை என்னை அறுப்பது அதுதான்.

அந்தப் படம்தான் வேலை செய்தது. மறுவருஷம் கற்படி போட்டார்கள். அதற்கு எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் மன்னிப்புக் கேட்க அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "நான் கல்லு போட வேணாம்னு சொன்னதாலதானே..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"நல்லவேள சொன்னீங்க சார். கல்லு போட்டிருந்தா நான் வுழுந்திருக்க மாட்டேன். நான் வுழலன்னா படி வந்திருக்குமா?"

குத்தலாகச் சொல்லவில்லை. மனதார நன்றிதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எறங்கிப் போவ முடியல. படி இன்னா மாதிரி இருக்குதுன்னு நான் இன்னும் பாக்கவேல்ல. போட்டோ வெச்சிருப்பீங்களே, காட்டுங்க சார்."

பையில் பள்ளத்தின் படங்கள் கட்டாக இருந்தன. படியை நான் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை.