கம்பெனி பஸ் சொன்ன பத்தியம்

எங்களுடையது காதல் கல்யாணம். பிள்ளை பிறந்தபோது இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஒற்றை அறை, நான், மனைவி, பதினைந்து நாள் பெண் குழந்தை. எடை பார்க்க வந்த நர்ஸம்மா, குழந்தை பிறந்த எடைக்கே இன்னும் திரும்பவில்லை என்றார். அடிக்கடி மார்பில் போடுங்கள், ஒரு வாரத்தில் ஏறாவிட்டால் டாக்டரைக் கேட்டு பவுடர் பால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு எதையும் நாலு பேரிடம் கேட்டால்தான் தலை வெடிக்காமல் இருக்கும். பால் ஊற என்ன சாப்பிட வேண்டும் என்று ஷிப்ட் பஸ்ஸில் கேட்டேன். அத்தனையும் கல்யாணமாகாத பையன்கள். ஆளுக்கொரு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட, ஒரகடம் வருவதற்குள் பஸ்ஸே பிரசவ வார்டு ஆகிவிட்டது. பூண்டைப் பாலில் வேகவை என்றது தேனி. முருங்கைக்கீரை என்றது மதுரை. இல்லை, வெந்தயக் களி என்றது ராமநாதபுரம். பால்சுறா புட்டு இல்லாமல் எவளுக்கும் பால் ஊறியதே கிடையாது என்று தூத்துக்குடிக்காரன் சத்தியமே செய்தான். சுறாவுக்கும் பாலுக்கும் என்னதான் உறவு என்று நோண்டிக் கேட்டேன். ஒரு அம்மாவுக்கும் தெரியவில்லை.

வீட்டு ஓனர் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், மீன் வாசமே ஆகாது. அதனால் பிள்ளைப்பாக்கத்தில் பையன்கள் ரூமில் சுறாவைச் சமைத்து, தூக்குச்சட்டியில் போட்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தேன். ஒருவனும் மூக்கைப் பிடிக்கவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை.

என் பக்கத்து மெஷினில் நிற்கும் சாத்தூர்க்காரனின் அம்மா மட்டும், எதைக் கொடுக்கக் கூடாது என்று சொன்னார். பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாதாம். வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வேளைக்கு அரை டம்ளர் ஓமத்தண்ணீர் போதும். அதையும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். வேலைக்குக் கிளம்பும்போது ஓமத்தண்ணீரை நானே அளந்து பிளாஸ்க்கில் வைத்துவிட்டுப் போவேன். பிள்ளைக்குச் சளி என்றதால் அவளும் வாய் திறக்கவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம், தட்டில் சுறா புட்டை நீட்டி, இப்போது ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று ஆவலாகக் கேட்டேன். மடியில் பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"பஸ்ஸு பூரா கேட்டிய. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? தாகத்துல தொண்ட ஒட்டிப்போய்க் கெடக்கேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆறிய வெந்நீரைச் சொம்பு நிறையக் கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் காலிச் சொம்பை நீட்டினாள். மறுபடி நிரப்பினேன்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் நர்ஸம்மா போனிலேயே என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடட்டும், தாகத்துக்குக் குடிக்கட்டும், பிள்ளை கேட்கும்போதெல்லாம் மார்பில் போடட்டும் என்றார். டாக்டரும் சரி, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அந்த வாரம் தராசில் முள் ஏறியிருந்தது. தண்ணீரா, பூண்டா, சுறாவா, விடாமல் மார்பில் போட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. மனைவி சிரித்தாள், அது போதும்.

பஸ்ஸில் ஒவ்வொரு ஊரும் ஜெயித்தது தான்தான் என்றது. நான் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சாத்தூர்க்காரனுக்கு முகம் செத்துப்போயிற்று. அப்போதே அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நான் பிறந்தபோது நீ நிஜமாகவே தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்டான்.

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் இறங்கியது.

"குடிச்சேன்யா. குளிக்கையில மேலுக்கு ஊத்துன வெந்நிய, மாமியாளுக்குத் தெரியாம அள்ளி அள்ளிக் குடிச்சேன்."