அறுந்ததாகச் சொன்ன கயிறு

கொள்ளிடத்தில் பரிசல் போட்டி நடத்தப் போகிறோம் என்று ஊர் இளவட்டங்கள் வந்து சொன்னபோது, "எவனெவனுக்கு நீச்சல் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டேன். ஒருத்தன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில், வெடி வைக்கும் நேரத்தில் விசில் ஊதிச் சிவப்புக் கொடி காட்டி ஆட்களை விரட்டுவது என் வேலை. அங்கேயும் இப்படிச் சிரித்துக்கொண்டு நின்ற ஒருத்தனை ரத்தமும் புழுதியுமாக நானே தூக்கியிருக்கிறேன்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கிவிட்டு, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர் மீன்சுருட்டியைத் தாண்டி ஆற்றோரத்தில் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு என்றாலும் பல வருஷம் கொள்ளிடத்தில் வெறும் மணல்தான் கிடக்கும். அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி, மிச்சத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. தண்ணீரைக் கண்டதும் ஊருக்கே தலைகால் புரியவில்லை.

"குவாரியில இருக்கிற ஆளு. பாதுகாப்பெல்லாம் அண்ணன் பாத்துக்கும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஏற்றுக்கொண்ட பிறகு அரைகுறையாகச் செய்ய எனக்குத் தெரியாது. கரைக்கும் நடு ஆற்று மணல்திட்டுக்கும் இடையில் ஓடும் தண்ணீரில் மட்டும்தான் போட்டி. பரிசலுக்கு இரண்டு பேர். குடித்தவன் துடுப்பைத் தொடக் கூடாது. மணல் லாரிக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன பள்ளங்களின் மேல் தண்ணீர் சுழிக்கும் என்பதால், அங்கெல்லாம் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். லாரி டியூப்களுக்குக் காற்றடித்துக் கரையில் அடுக்கினோம். போட்டி முடியும் இடத்துக்குக் கீழே, கரையிலிருந்த புங்க மரத்திலிருந்து திட்டில் அடித்த முளை வரைக்கும் ஒரு நைலான் கயிறு இழுத்துக் கட்டினேன். காலி பிளாஸ்டிக் கேன்களைக் கோத்து அதைத் தண்ணீர் மட்டத்தில் மிதக்கவிட்டோம். கவிழ்ந்தவன் எவன் அடித்துக்கொண்டு வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிப் போனால் பிறகு அணைக்கரை அணையின் ஷட்டர்தான்.

கயிற்றுக்குக் காவல் நிறுத்திய ஆட்களிடம், "என்ன நடந்தாலும் கயித்துல கை வெக்கக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆடிப் பதினெட்டன்று தங்கள் கல்யாண மாலையை ஆற்றில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாலை எங்கேயும் சிக்காமல் ஓட வேண்டும். சிக்கினால் தாலிக்கு ஆகாது என்பார்கள். மாலை விடும் படித்துறையோ கயிற்றுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் இருந்தது. அந்த வருஷம் மாலை விட வேண்டியவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அவள் புருஷன் பரிசல் ஓட்டப் பேர் கொடுத்திருந்தான். கயிற்றுக்குக் கீழே போய் மாலையை விடுங்களேன் என்று பெரியவர்களிடம் கேட்டேன். "படித்தொறைய வுட்டுட்டு முள்ளுக்காட்டுலயா போயி வுடுவாங்க?" என்று ஒரே போடாகப் போட்டார்கள். கடைசியில், போட்டி முடிந்து கயிற்றை அவிழ்த்த பிறகு மாலை விடுவது என்று பேசி முடித்தோம்.

ஆடிப் பதினெட்டன்று கொடியசைக்க வர வேண்டிய பெரிய மனிதர் நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. ராகுகாலம் நெருங்கவும், அதற்குமேல் பொறுக்க முடியாது என்று பெண்கள் படித்துறையில் இறங்கி மாலைகளை விட ஆரம்பித்துவிட்டார்கள். நேரம் பார்த்து அவருடைய காரும் வந்து சேர்ந்தது.

படித்துறைக்கு மேலே, பரிசல்கள் கிளம்பும் இடத்தில் நான் நின்றிருந்தேன். "மாலையெல்லாம் போவட்டும், செத்த நிறுத்துங்க" என்று கத்தினேன். மைக் சத்தத்தில் யார் காதில் விழுந்தது? மாப்பிள்ளை துடுப்போடு பரிசலில் உட்கார்ந்திருந்தான். "மச்சான், ஒங்க கயித்துக்கு நான் வேலையே வெக்க மாட்டேன். சும்மா இருங்க" என்று சிரித்தான். பெரிய மனிதர் கொடியை அசைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் பரிசல்தான் முன்னால் போனது. நடுவழி தாண்டியதும் என் கண் கயிற்றின் மேல் போனது. கேன்கள் தண்ணீரை விட்டு மேலே எழும்பிக்கொண்டிருந்தன. கயிற்றைத் தூக்குகிறார்கள். விசிலை எடுத்து ஊதினேன். குவாரியில் அந்த விசிலுக்கு அத்தனை பேரும் நிற்பார்கள். இங்கே கரையிலிருந்த கூட்டமெல்லாம் பதிலுக்கு விசிலடித்தது. நான் ஓட ஆரம்பித்தபோது மாப்பிள்ளையின் பரிசல் ஒரு மூங்கிலில் இடித்துச் சுழன்று கவிழ்ந்தது.

கூட ஓட்டியவன் கரையிலிருந்து வீசிய டியூபைப் பிடித்துக் கரையேறிவிட்டான். மாப்பிள்ளை நீந்திக்கொண்டேதான் கயிற்றுக்கு வந்திருக்கிறான். கையை நீட்டியிருக்கிறான். கயிறு எட்டாத உயரத்தில் இருந்தது. அவர்கள் பதறிப்போய் அதைக் கீழே விடுவதற்குள் இழுப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது காவலுக்கு நின்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மாலைகள் வந்து கயிற்றில் குவிந்துவிட்டனவாம். தங்கையின் மாமியார் கரையில் நின்று, "எம் மருமவ மாலை சிக்கிக் கெடக்குதுடா. புண்ணியமாப் போவும், தூக்கி வுடுங்கடா" என்று கும்பிட்டாளாம். மாமியார் அங்கேயே புங்க மரத்தடியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். பெற்ற பிள்ளையின் ஆயுசுக்காகத்தானே அவள் கும்பிட்டாள்.

படித்துறையிலிருந்து தங்கை ஓடி வந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தது. "கயிறு கட்டினியேண்ணே, கயிறு என்னாச்சு?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவள் மாலைக்காகத் தூக்கிவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? அந்த மாமியாரோடுதான் இனி அவள் ஒரே வீட்டில் கஞ்சி குடித்தாக வேண்டும்.

"அறுந்துபோச்சும்மா" என்றேன்.

மறுநாள் ஷட்டரில் அடைத்துக் கிடந்த மாலைகளுக்கு அடியில் அவன் கிடைத்தான்.

காவலுக்கு நின்றவர்கள் நான் சொன்னதையே சொன்னார்கள். அழுகல் கயிற்றைக் கட்டியவன் என்று ஊர் என்னைப் பேசியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. காரியத்தன்று தங்கையின் மாமியார் எல்லார் முன்னாலும் மண்ணை வாரி என் மேல் தூற்றி, "கயித்தப் பாத்து வாங்கியிருந்தா எம் புள்ள இருந்திருப்பானே" என்று அழுதாள். அவள் கண்கள் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவளை அடித்துவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் தங்கை நின்றிருந்தாள். மண்ணைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு தங்கை என்னோடு பேசவில்லை. பிள்ளை பிறந்ததற்குச் சீர் கொண்டுபோனேன். தட்டை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமியார்தான் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "சாப்பிட்டுப் போங்க" என்றாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

எங்கள் அம்மா படுத்த படுக்கையானபோதுதான் தங்கை என் வீட்டுப் படியேறினாள். அம்மாவைப் பார்ப்பாள், துணி துவைப்பாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். நடுவீட்டில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். துணி காயப்போடக் கொடி கட்டுவதற்காகப் பரணில் கயிறு தேடியிருக்கிறாள். அந்த நைலான் கயிறுதான் கிடைத்திருக்கிறது. அறுந்ததாகச் சொன்ன கயிற்றை வெளியே போட்டால் எவன் கண்ணிலாவது படும் என்று பரணில் மறைத்திருந்தேன். கேன் கட்டிய முடிச்சுகள் அப்படியே இருந்தன. அவள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் மறுபடியும் முதல் முனையைத் தேடி எடுத்துத் தடவினாள். ஒட்டுப்போட்ட இடம்கூட அதில் கிடையாது.

நான் வாசற்படியிலேயே நின்றேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"எம் மாலை தாண்டிப் போச்சாண்ணே?"

"போச்சும்மா" என்றேன்.