நாங்களும் ஏறி நின்ற தராசு

ஒரு முழு லொறியைத் தராசில் வைத்து நிறுக்கலாம் என்பது எனக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. அதைத் தூக்கி வைக்கத் தேவையில்லை, அதுவே ஓடிவந்து ஏறிக்கொள்ளும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு படித்த எதுவும் அந்த அளவுக்கு என் மண்டைக்குள் போகவில்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். மீன் வெட்டினேன், ஆப்பிள் பிடுங்கினேன், வேலை எங்கேயோ அங்கே போனேன். போன ஊர்களில் லொறித் தராசைக் கண்டால் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன்.

அப்போது நாங்கள் கனடாவில், பிரெஞ்சு பேசும் லொங்குய் என்ற ஊரில் ஒரு இரண்டு தட்டு வீட்டில் இருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. கீழே சித்தப்பாவும் சித்தியும். மேலே ஓர் அறைதான். மாமாவுக்கு சோபா, எனக்கு நிலம். இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. மாமாவின் உடம்புக்கு சோபாதான் குறை சொல்லியிருக்க வேண்டும்.

சித்தப்பா கனடா ஆமியில் வாகனம் திருத்துபவர். அப்பாவுக்கு அது பிடிக்காது. ஊரில் இருந்தபோது அப்பாவை அங்கத்தைய ஆமி பிடித்துப் பதினொரு நாள் வைத்திருந்தது. அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. மாதா கோயிலில் யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், “மெக்கானிக் வேலை” என்று மட்டும் சொல்லுவார். சொல்லிச் சொல்லித் தானும் அதை நம்பியிருந்தார்.

அந்தக் கோடையில் சித்தப்பாவை, மேற்கே நாலு நாள் ஓட்டத் தூரத்தில் இருந்த எட்மன்டனுக்கு மாற்றினார்கள். வீட்டுச் சாமான்களை ஆமியே ஆள் வைத்து ஏற்றி அனுப்பும். தானே ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு நிறையைப் பார்த்துக் காசு கொடுக்கும். அதற்கு வெறும் லொறியை ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை நிறுத்து, நிறை எழுதிய இரண்டு துண்டுகளையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சித்தப்பா தானே ஏற்றுவதென்று முடிவெடுத்தார். “எங்கடை வீட்டிலை ஆக்களுக்கோ பஞ்சம்?” என்றார்.

பஞ்சமில்லைத்தான். எங்கள் வீட்டில் ஒருவர் பல்லுப் பிடுங்கப் போனாலும் ஐந்து பேர் கூடப் போவோம். காலையில் வாடகை லொறியும் அதன் பின்னால் கொழுவிய ட்ரெய்லரும் பழைய இரும்பு வாங்கும் ஒரு யார்டுக்குப் போனபோது, நாங்கள் எல்லாரும் எங்கள் வான் வண்டியில் பின்னால் போனோம்.

தராசு என்றால் கடைத் தராசு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது நிலத்தோடு நிலமாகக் கிடந்த நீண்ட இரும்புத் தட்டு. லொறியும் ட்ரெய்லரும் ஏறி நின்ற பிறகும் பின்னால் இடம் மிச்சமிருந்தது. இடத்தைக் கண்டதும் அம்மாவுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. ட்ரெய்லருக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். அப்பா சித்தப்பாவின் தோளில் கை போட்டார். கமராவோடு பின்னால் பின்னால் நகர்ந்த மாமாவும் தட்டின் விளிம்பில்தான் நின்றார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து நிறை பார்ப்பவனுக்கு எங்களை ட்ரெய்லர் மறைத்தது. பச்சை விளக்கு எரிந்தது, துண்டு வந்தது, சந்தோசமாக வீட்டுக்குத் திரும்பினோம்.

சாமான் ஏற்றுவது ஒரு திருவிழா மாதிரி நடந்தது. ப்ரீசர் போனது, கட்டில் போனது, மடு மாதாவின் சுருபம் இரண்டு போர்வைக்குள் போனது. “பாரம் கூடினால் காசும் கூடுமெல்லே,” என்று அம்மா எங்கள் வீட்டு அரிசியிலும் ஆறு மூட்டையை மேலேயிருந்து இறக்கி ஏற்றுவித்தாள்.

“அக்கா, அப்ப முற்றத்துக் கல்லையும் ஏத்துவமோ?” என்றார் மாமா.

“நீ ஏறிக் குந்து, காணும்.”

சித்திதான் தெரியாமல் வாயை விட்டாள். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, “எட்மன்டனிலை ஆறு மாசந்தான். பேந்து இவரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புவினமாம்,” என்றாள்.

அப்பா கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார்.

“ஆமிக்குப் பயந்துதானேடா இஞ்சை ஓடி வந்தனாங்கள்.”

“நான் வாகனம் திருத்தத்தான் போறன், அண்ணை.”

“அவங்களும் எங்கடை ஒழுங்கைக்கு வாகனத்திலைதான் வந்தவங்கள்.”

அவ்வளவுதான் கதைத்தார்கள். அப்பா மேலே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்சச் சாமானை நாங்கள் சத்தமில்லாமல் ஏற்றினோம்.

நாலு மணியாகிவிட்டது. யார்ட் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். நிறுத்த கையோடு சித்தப்பாவும் சித்தியும் அங்கிருந்தே பெருந்தெருவில் ஏறுவதாக ஏற்பாடு. அம்மா இரண்டு தரம் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் தனியே திரும்பி வந்தாள். சித்தப்பா லொறிக்குள் திறப்பைக் கையில் வைத்தபடி மேல் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். திறப்பைப் போட்டு லொறியை ஸ்டார்ட் செய்யவில்லை. தம்பி போகிறபோது அண்ணன் வாசலுக்கு வராமல் விட்டால் அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் சித்தி அழுததும் எனக்கும் அழுகை வரப்பார்த்தது. அதை அடக்குவதற்காக லொறியின் படியில் ஏறி, உள்ளே கிடந்த காலைத் துண்டை எடுத்து வாசித்தேன்.

“சித்தப்பா, காலமை நாங்களும் தட்டிலைதானே நிண்டனாங்கள்? எங்கடை நிறையும் இதுக்குள்ளை இருக்கோ?”

சித்தப்பா துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு லொறியிலிருந்து குதித்து, இரண்டு இரண்டு படியாக மேலே ஓடினார். நானும் ஓடினேன். மாமா மூச்சு வாங்க வாங்கப் பின்னால் வந்தார்.

“அண்ணை, ஒரு பிழை நடந்திட்டுது,” என்றார் சித்தப்பா கதவைப் பார்த்து. “வெறும் லொறியோடை எங்களையும் சேர்த்து நிறுத்துப் போட்டாங்கள். பின்னேரமும் அதே ஆக்கள் ஏறி நிக்காட்டி நிறை பிழைச்சிடும்.”

கதவு திறக்கவில்லை. அப்பாவுக்கு ஆற்றுக்கு அப்பால் லாசாலில் ஒரு கிடங்கில் வேலை. வருகிற லொறியையும் போகிற லொறியையும் நிறுத்துத் துண்டு எழுதுவதுதான் அவருடைய தொழில். மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.

“அத்தான், ஒன்பது வருசமா லொறி நிறுக்கிற மனிசன் நீங்கள். உங்களை நிறுத்தது உங்களுக்கே தெரியேல்லையோ?”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“எத்தினை கிலோ குறையுது?”

“எழுபது, அண்ணை.”

“நான் அறுபத்தெட்டு.”

“அறுபத்தெட்டுத்தான் குறையுது.”

கதவு திறந்தது. அப்பா யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டினார். மாமா விடவில்லை. “காலமை இரும்பு வைச்ச வேலைச் சப்பாத்தெல்லோ போட்டனீங்கள். அது ஒண்டே ஒரு கிலோ வரும்.” அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

வானில் போகும்போது அம்மா மாமாவைக் கேட்டாள். “மத்தியானம் நீ திண்ட ஆட்டிறைச்சியை எந்தக் கணக்கிலை சேர்க்கிறது?”

“அது கீழ்வீட்டு ப்ரீசருக்குள்ளை இருந்து வந்ததுதானே. ப்ரீசருக்குள்ளை இருந்தாலென்ன, எனக்குள்ளை இருந்தாலென்ன, தட்டிலை எல்லாம் ஒண்டுதான்.”

அப்பா வெளியே பார்த்தபடி இருந்தார். அவருடைய தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

யார்டில் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பிழையைக் கண்டுபிடித்தவள் நான்தானே. கமராவில் காலைப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்தினேன். அம்மாவைச் சித்திக்கு இடப்பக்கம் தள்ளினேன். மாமாவை விளிம்புக்கு அனுப்பினேன். அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஆனால் நடுவில் ஓர் ஆள் போகும் இடைவெளி இருந்தது.

“அப்பா, கிட்டப் போங்கோ. கை தோளிலை இருந்தது. அப்பிடி வைக்காட்டி நிறை மாறும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா ஓரடி நகர்ந்து தம்பியின் தோளில் கையை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் காத்திருந்த இரும்பு லொறிக்காரன் ஹோர்னை அமத்தினான். கூண்டுக்குள் இருந்தவன் வெளியே வந்து பார்த்தான். பாரம் ஏற்றிய லொறிக்குப் பின்னால், தட்டில் ஆறு பேர் சிலை மாதிரி நிற்கிறோம். இறங்குங்கள் என்று கையைக் காட்டினான். சித்தப்பா பிரெஞ்சில் விசயத்தைச் சொல்ல, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சொன்னான்: “முசியே, இதெல்லாம் தேவையே இல்லையே. பாரத்தை மட்டும் இப்போது நிறுங்கள். அங்கே போய் இறக்கிய பிறகு வெறும் லொறியை நிறுத்தால் அந்தத் துண்டும் செல்லும்.”

“வுய், வுய், தெரியும்,” என்றார் சித்தப்பா. “எண்டாலும் நீங்கள் ஒருக்கா நிறைப் பட்டனை அமத்துங்கோ.”

அவன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு கூண்டுக்குள் போனான்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவள் நான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அப்பா ஏமாந்துவிடக் கூடாதே என்று அவருடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, நாங்கள் இதிலை நிக்கத் தேவையில்லையாம். அங்கை போயும் நிறுக்கலாமாம்.”

“தெரியும், பிள்ளை,” என்றார் அப்பா. “ஆடாமல் நில்.”

பச்சை விளக்கு எரிந்தது. பின்னாலிருந்தவன் திரும்பவும் ஹோர்ன் அடித்தான். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள், அம்மா இறங்கினாள், மாமாவும் இறங்கினார். அப்பா கையை எடுக்கவில்லை, சித்தப்பா அசையவில்லை. இரண்டு பேருடைய நிறையும் சரியாக விழ இன்னும் நேரம் வேணுமாக்கும் என்று நினைத்து, நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர்களோடு நின்றேன்.